ஓடுபாதையும் ஊராரும்

யுத்தம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை விமானங்களும் பீரங்கிகளுமே. அவ்விமானங்கள் எழும்புதற்குரிய தரையைப் பற்றி நாம் நினைப்பது அரிது. ஆயினும் எத்துணைச் சிறந்த விமானமும், ஓடுபாதை சிதைந்துவிடின், சிறகிருந்தும் கூட்டிலடைபட்ட பறவையேயாகும். ஆதலின் பகைவர் ஓடுபாதையைக் குறிவைத்துத் தாக்குவர். அதனை விரைந்து செப்பனிடுவதில் ஸ்தல ஆட்சியினர் எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதை, நம் தேசத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அவ்வேலையின் இயல்பை அறிதல் வேண்டும். குண்டு விழுந்த இடத்தில் பள்ளம் உண்டாவதன்றி, அதன் விளிம்பிலுள்ள தளமும் வெடித்து மேலெழும்பிவிடும். மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டால் போதாது; விமானத்தின் பாரத்தைத் தாங்காமல் அது அமிழ்ந்துவிடும். வெடித்த தளத்தைப் பெயர்த்தெடுத்து, பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கொண்டு அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோரடுக்கையும் இடித்து இறுக்கி, மேற்பரப்பைச் சமனாக்குதல் வேண்டும். சிதறிய சிறு கற்களையும் பெருக்கியெடுத்தல் அவசியம். ஜெட் இயந்திரம் காற்றோடு கல்லையும் உள்ளிழுத்துப் பழுதுபடும். இவையனைத்தும் அடுத்த தாக்குதலுக்குமுன் முடிதல் வேண்டுமாதலின், மிகுதியான ஆட்பலம் இன்றியமையாததாகின்றது.

1971-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டபோது, குஜராத்தின் கட்ச் ஜில்லாவிலுள்ள பூஜ் விமானத்தளம் குண்டுகளால் தாக்குண்டது. தளத்தின் பொறுப்பை வகித்தவர் ஸ்குவாட்ரன் லீடர் விஜய் கார்ணிக். அவரிடமிருந்த ஆட்கள் போதாமையால் ஜில்லா நிர்வாகத்தின் உதவி நாடப்பட்டது. நிர்வாகம் அருகிலுள்ள மாதாப்பர் கிராமத்திற்குச் சொல்லியனுப்ப, ஏறத்தாழ 300 ஸ்திரீகள் வேலைக்கு வந்தனர். அபாயச் சங்கு ஊதுந்தோறும் அவர்கள் ஓடிப் புதர்களில் மறைந்தனர். சங்கு ஓய்ந்ததும் மீண்டும் வந்து வேலையைத் தொடர்ந்தனர். வானத்தினின்று பார்ப்போர்க்குத் தளம் புலப்படாதபடி அதன்மேல் சாணம் மெழுகினர். 72 மணி நேரத்தில் ஓடுபாதை மீண்டும் விமானமெழும்புதற்குத் தகுதியாயிற்று.

இதில் ஸ்தல ஆட்சியின் பங்கு யாது? சேனாதிபதி சிப்பாய்க்குக் கட்டளையிடலாம். குடும்பத்தலைவிக்குக் கட்டளையிட அவருக்கு அதிகாரமில்லை. எவர் வீட்டில் கைக்குழந்தை உண்டு, எவர் வரக்கூடும், எவர் சொன்னால் ஊரார் நம்புவர் என்பனவற்றை ஊரில் வாழ்வோரே அறிவர். இவ்வறிவும் நம்பிக்கையும் ஆபத்து நேர்ந்த அன்றைக்குத் திடீரென்று உண்டாவன அல்ல. சமாதான காலத்தில் கிணற்றையும் பாதையையும் பள்ளியையும் நேர்மையாகப் பராமரித்த ஆட்சியின் சொல்லுக்கே யுத்தகாலத்தில் ஊரார் செவிசாய்ப்பர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அந்த ஸ்திரீகள் சிப்பாய்கள் அல்லர். பகைவரின் இலக்காகிய இடத்திலேயே நின்று உழைத்தனர். அவ்வாறு அழைப்பவர் எச்சரிக்கைச் சங்கும், ஒளிந்துகொள்ள இடமும், உணவும், கூலியும், தீங்கு நேரின் குடும்பத்திற்கு ஆதரவும் அளிக்கக் கடமைப்பட்டவராவர். அப்பெண்மணிகளின் நினைவாக மாதாப்பரில் எழுந்த சின்னம் 2015-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதாவது 44 வருஷங்கள் கடந்தபின்! அதனைக் காணாமலே மறைந்தோரும் அவர்களுள் உண்டு.

மாணவ நண்பர்களே, நம்மில் சிலர் நாளை கலெக்டர்களாகவும் பஞ்சாயத்துத் தலைவர்களாகவும் ஆகக்கூடும். ஜனங்களிடம் உதவி கேட்கும் நாள் நமக்கும் வரலாம். அந்நாளில் அவர்கள் நம்மை நம்பி எழுந்து வருதற்கு, அதற்கு முந்திய நாட்களெல்லாம் நாம் அவர்களுக்கு உண்மையாயிருத்தல் வேண்டும். வந்தபின் அவர்களை மறவாதிருத்தலும் வேண்டும்.