பெட்டியில் வளர்ந்த பூச்சிக்குத் திசை தெரியுமா?

எருக்கஞ்செடியின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகள் போட்ட புழு ஒன்று இலையைக் கொறித்துக்கொண்டிருக்கலாம். அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. இதை அட்டைப்பெட்டியில் வளர்த்துப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். புழு கூட்டுப்புழுவாகித் தொங்கும். ஒருநாள் காலையில் இறகு விரித்து நிற்கும். ஆனால் பெட்டியில் வளர்ந்த பூச்சியும் வெட்டவெளியில் வளர்ந்த பூச்சியும் ஒன்றுதானா?

வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவான மோனார்க் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு இதை விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் வாழும் மோனார்க்கின் புழுவும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால் வடியும் செடிகளையே தின்கிறது. கோடையின் முடிவில் பிறக்கும் மோனார்க்குகள் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புறப்பட்டு, சில 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, மத்திய மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட முன்பு அங்கே போனதில்லை! சூரியன் இருக்கும் இடத்தையும் தம் உடலுக்குள் ஓடும் 'கடிகார'த்தையும் கொண்டு அவை தெற்கைக் கண்டுகொள்கின்றன.

மோனார்க்குகள் குறைந்துவருவதால், அமெரிக்காவில் பலர் முட்டைகளைச் சேகரித்து வீட்டில் வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். கணக்கும் அவர்கள் பக்கமே இருப்பதுபோல் தோன்றும். வெளியே எறும்பு, சிலந்தி, குளவி ஆகியவற்றுக்குத் தப்பி, நூறு முட்டைகளில் பத்துகூட வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை. பெட்டிக்குள் பெரும்பாலானவை பிழைத்துவிடும்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். பூச்சியை மெல்லிய கம்பியில் பொருத்தி, வானம் மட்டும் தெரியும் தொட்டிக்குள் பறக்கவிட்டு, அது எந்தத் திசையை நாடுகிறது என்று பதிவு செய்தார்கள். வெளியில் வளர்ந்த காட்டு மோனார்க்குகள் தெற்கை நாடின. விற்பனைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வம்சத்துப் பூச்சிகள் தெற்கை நாடவில்லை. இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் காட்டு மோனார்க்கின் பிள்ளைகளையே அறைக்குள், இலையுதிர்காலத்தைப் போன்ற வெப்பமும் ஒளியும் தந்து வளர்த்தபோது, அவையும் திசை தெரியாமல் தடுமாறின!

அப்படியானால் வளர்த்ததெல்லாம் வீணா? அவசரப்பட வேண்டாம். கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தினர், அறைக்குள் வளர்ந்த மோனார்க்குகளின் உடலில் சிறு வானொலிக் கருவியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 2021-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. தொட்டிக்குள் தடுமாறியவற்றின் கூட்டாளிகள், வெட்டவெளியில் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலேயே பறந்தன. சில நாள் உண்மையான சூரியனைக் கண்டதும் அவற்றின் திசையறிவு சரியாகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மெக்சிகோ வரை போகும் வலிமை உண்டா என்பது தனிக் கேள்வி. வளர்ப்பு மோனார்க்குகளின் பிடிப்பு வலிமை குறைவு, நிறமும் சற்று வெளிறியது என்று 2020-இல் வேறோர் ஆய்வு கண்டிருந்தது.

நெரிசல் இதைவிடப் பெரிய தொல்லை. மோனார்க்கின் உடலில் ஓர் ஒட்டுண்ணி நுண்ணுயிர் உண்டு. தாய்ப்பூச்சியின் உடலிலிருந்து அதன் நுண்வித்துகள் முட்டையிலும் இலையிலும் உதிரும்; புழு அவற்றைத் தின்றுவிடும். ஒரே பெட்டியில் ஐம்பது புழுக்கள் இருந்தால் நோய் பரவக் கேட்கவா வேண்டும்? காட்டிலோ, நோயுற்றவை நெடுந்தூரம் பறக்க இயலாமல் வழியிலேயே விழுந்துவிடுவதால் கூட்டத்தில் நோய் குறைகிறது.

நீங்கள் எருக்கம்புழுவை வளர்ப்பதானால், ஒன்றிரண்டு போதும். காற்றோட்டமான வலைப்பெட்டியை, வெயில் நேராகச் சுடாத திண்ணையில் வையுங்கள். தினமும் புது இலை போட்டு, எச்சத்தை அகற்றுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கையை நன்றாகக் கழுவுங்கள். வெளிவந்த பூச்சி தொங்கியபடி இறகை உலர்த்தி முடிக்கும்வரை தொடாதீர்கள். அதன்பின் எந்தச் செடியில் எடுத்தீர்களோ அங்கேயே திறந்துவிடுங்கள்.