கணவாய் தாண்டாத பறவை

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பு நிறம். தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழும் சோலைக்கிளிக்கு அந்த இடமும் நீலச்சாம்பல்தான். செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் போனால் மூன்றாவது வகை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இவை கிடையாது.

இது பச்சைக்கிளியின் உறவு அல்ல. ஈப்பிடிப்பான் குடும்பம், சிட்டுக்குருவி அளவு. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலே, சோலைக்காட்டின் ஈர நிழலில்தான் இருக்கும். கணவாயின் வெக்கை அதற்கு ஆகாது. அதனால் அந்தந்த மலையில் தங்கியவை, நெடுங்காலமாகத் தனித்தனியே மாறிவிட்டன. இமயமலை, தென்கிழக்காசியப் பறவைகளின் பேரினங்களில் மாற்றி மாற்றி வைக்கப்பட்ட இவற்றின் மரபணுவையும் குரலையும் உடலளவையும் ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் ஒப்பிட்டார்கள். 2017இல் ‘சோலிகோலா’ என்ற தனிப் பேரினமே பிறந்தது. அகத்தியமலைப் பறவையையும் அப்போதுதான் தனி இனமாக விவரித்தார்கள்.

இயற்கை போட்ட இடைவெளி போதாதென்று, இப்போது சோலைக்கும் சோலைக்கும் நடுவே தேயிலையும் கற்பூர மரமும் சீகையும் நிற்கின்றன. நீலகிரி சோலைக்கிளி அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் காதை நம்பிப் போக வேண்டும். கோத்தகிரி லாங்வுட் சோலை, கொடைக்கானல் பம்பாய் சோலை போன்ற இடங்களில், அனுமதித்த பாதையிலேயே, ஓடையோரமாக அசையாமல் உட்காருங்கள். புலரும் பொழுதும் அந்தியும்தான் தோதான நேரம். வெளிச்சம் குறைவு என்பதால் 8×42 பைனாகுலர் நல்லது. புதருக்குள் சீழ்க்கைப் பாட்டு ஓய்ந்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். இருட்டில் முதலில் தெரிவது வெளிறிய புருவக்கோடு. நீண்ட கால்களால் ஈரச் சருகில் இரண்டு தத்தல், நின்று ஒரு பார்வை, ஒரு கொத்து. அதற்குள் புதருக்குள் போய்விடும்.

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதை மட்டும் செய்யவே கூடாது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது ஓடி வரும். கூடு கட்டும் காலத்தில் அந்த அலைச்சல் குஞ்சுகளைப் பட்டினி போடும். பறவை கண்ணில் படாமல் பாட்டு மட்டும் கேட்டால், இடத்தையும் நேரத்தையும் குறித்து இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். எந்தச் சோலைத் துண்டில் அது இன்னும் பாடுகிறது என்பதை அறிய அந்தப் பதிவும் உதவும்.