ஊர் வரலாற்றைப் பொது நூலகத்தில் தேடுதல்: வேலூர் – ஆம்பூர் பகுதி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பகுதி தோல் தொழிலால் அறியப்படுவது. இவ்வூர்களைப் பற்றித் திட்டக் கட்டுரை எழுதும் மாணவர்கள் நூலகத்துக்குச் சென்று, “எங்கள் ஊரைப் பற்றிப் புத்தகமே இல்லை” என்று திரும்பி வருவதுண்டு. பல நேரங்களில் புத்தகம் இருக்கும். ஆனால் இன்றைய மாவட்டத்தின் பெயரில் இருக்காது. சிக்கல் அதுதான்.

நூலகம் யாருடைய பணம்?

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் சென்னை மாகாணமே. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். சட்டத்திற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். இச்சட்டப்படி உள்ளாட்சிகள் சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரியும் வசூலிக்கின்றன. இப்போது அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகத்தில் படிப்பது இலவசம் என்கிறோம். உண்மையில் நம் பெற்றோர் முன்கூட்டியே கட்டிவிட்ட பணம் அது. ஆகவே நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாவட்டப் பெயர் என்னும் சாவி

ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. அம்மாவட்டம் 2019இல்தான் பிறந்தது. அதற்கு முன் வேலூர் மாவட்டம். அதற்கும் முன், 1989 முதல், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அதற்கு முன் வட ஆற்காடு. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் வேலூர் அன்று, சித்தூர். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 1911க்கு முன் வாணியம்பாடியை உள்ளடக்கிய திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆம்பூரோ வட ஆற்காட்டின் வேலூர் தாலுகாவில் இருந்தது. பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய இரண்டு ஊர்கள், இரண்டு வேறு புத்தகங்களில்!

எனவே ஆம்பூரைத் தேடுபவர் ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்து, ஹெரால்ட் ஸ்டூவர்ட் 1890களில் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைக் கேட்க வேண்டும். வாணியம்பாடியைத் தேடுபவர் லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் கையேட்டைப் புரட்ட வேண்டும். இவை ஆட்சியாளர் வரி வாங்குவதற்காக எழுதப்பட்டவை. பயிர், ஏரி, வரி ஆகியவற்றில் காட்டும் அக்கறையை மக்களிடம் காட்டமாட்டா. சாதிகளைப் பற்றி அவை சொல்வதை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும். 1749இல் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்றனர். இதை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் ஊரை ‘ஆமூர்’ என்றே எழுதுகிறார். பொருளடைவில் ஆம்பூர் என்று தேடினால் கிடைக்காது.

இன்னும் பழைய சான்று, எபிகிராபியா இண்டிகாவின் நான்காம் தொகுதியில் உள்ள ஆம்பூர் நடுகற்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டில், நுளம்பனின் படை மாடு பிடிக்க வந்தபோது போரிட்டு மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் அவை. தோலுக்குப் பெயர்போன ஊரின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று மாடுகளைப் பற்றியது என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

தோல் தொழிலும் பாலாறும்

ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904இல் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுதல் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். குரோம் முறை பரவுமுன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்தை அதில் காணலாம். அதைப் படித்துவிட்டு வீட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த தாத்தா இருந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவருக்குத் தெரிந்தது சாட்டர்டனுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து படிக்க வேண்டியது ஒரு தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று அளித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வை அதில் எடுத்துக்காட்டினார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். வேலை கொடுத்ததும் கிணற்றைக் கெடுத்ததும் ஒரே தொழில்தான். கட்டுரையில் இரண்டையும் எழுத வேண்டும். தீர்ப்பிலும் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் என்றே இருக்கும்.

டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமானால் தோல் பதனிடுதல் 675இலும், காலணி உள்ளிட்ட தோல் பொருள்கள் 685இலும், தமிழ்நாட்டு வரலாறு 954.82இலும், பிரியாணி உள்ளிட்ட சமையல் 641இலும் இருக்கும். அரங்கநாதனின் கோலன் முறையில் எண்கள் வேறு. எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்கள்

மு. வரதராசன் 1912இல் வாலாஜாவை அடுத்த வேலத்தில் பிறந்தவர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராகவும் தமிழாசிரியராகவும் இருந்தவர். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலில் வாலாஜாப் பகுதியைக் காணலாம். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் ‘தகப்பன்கொடி’ ஒரு தலித் குடும்பம் நிலத்தை இழப்பதைச் சொல்கிறது. கையேடுகள் விட்டுவிட்ட மக்களை இங்கே காண்கிறோம் என்பது என் கருத்து. கவிக்கோ அப்துல் ரகுமான் மதுரைக்காரர். ஆனால் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில்.

கிளை நூலகத்தில் இவற்றில் சில இல்லாமல் போகலாம். அப்போது வேலூரில் உள்ள மாவட்ட மைய நூலகம். அங்கும் இல்லையென்றால் 1896இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம். நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்கள் அங்கே வந்து சேர வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். போகும்போது ஒரு தாளில் ஊரின் பெயர், அதன் பழைய எழுத்துக்கூட்டல்கள், அது இருந்த மாவட்டங்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். நூலகரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.