ஷூ இங்கே... தண்ணீர் எங்கே?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போயிருக்கீங்களா? காட்பாடி, குடியாத்தம் தாண்டி, ஜோலார்பேட்டை வர்றதுக்கு முன்னாடி ஆம்பூர்னு ஒரு ஸ்டேஷன் வரும். 'பிரியாணி ஊர்தானே பாஸ்?' என்பீர்கள். கரெக்ட்! சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கக் கத்திரிக்காய்... வேணாம், பசிக்குது. நான் சொல்ல வந்தது உங்க காலில் கிடக்கிற ஷூவைப் பற்றி.

முதல்ல மேப்பைப் பாருங்க. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள், நடுவே பாலாறு ஓடும் (ஓட வேண்டிய!) பள்ளத்தாக்கு. மைசூர்ப் பக்கமிருந்து ஆற்காட்டுக்கு இறங்கி வர இது வசதியான வழி. அதனால்தான் இந்த ஊருக்கு இத்தனை சண்டை. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் இங்கே நடந்த போரில்தான் கொல்லப்பட்டார். எதிரே சந்தா சாகிப், பக்கபலமாக பிரெஞ்சுப் படை. இரண்டாம் கர்நாடகப் போர்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினோமே, அதன் முதல் பெரிய மோதல் இதுதான். 1767-ல் ஹைதர் அலி வந்து ஆம்பூர்க் கோட்டையை முற்றுகை போட்டார்.

படைகள் வந்த வழியிலேயே பிறகு ரயில் வந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை, அடுத்த சில வருஷங்களில் இந்தப் பக்கமும் நீண்டது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேணும், தண்ணீர் வேணும், சரக்கை மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்ப வழி வேணும். மூணும் கிடைச்சாச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு தொழில் பரவியது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு போட, இங்கேயே முழுசாகப் பதனிட்டு ஷூவாகவே தைக்க ஆரம்பித்தார்கள்.

2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,14,608. சுமார் பாதிப் பேர் முஸ்லிம்கள். தெருவில் தமிழும் உருதுவும் சேர்ந்தே கேட்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பெண்கள் ரொம்ப அதிகம். பல வீடுகளில் தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ், அக்காவோட தையல் மெஷினிலிருந்துதான் வருது. ஆம்பூர் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆனா இன்னும் 'வேலூர்ப் பக்கம்'னு சொன்னாத்தான் நம்மாளுங்களுக்குப் புரியும்!

சரி, தண்ணீருக்கு வருவோம். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் டி.டி.எஸ். என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, ஞாபகம் இருக்கா? பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பில் போட்டு வைப்பார்கள். பதனிட வரும்போது முதல் வேலை, அந்த உப்பைக் கழுவி எடுப்பது. கூடவே குரோமியம். பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பு போட்டால் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடியும். தோல் உறிஞ்சாமல் விட்ட மிச்சம் கழிவுநீரோடு போகும். பல வருஷம் இதெல்லாம் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும்தான் போச்சு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர், தோல் தொழில் பகுதியில் பாழான விவசாய நிலம் சுமார் 35,000 ஹெக்டேர் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கு. 'அழுக்காக்கியவரே செலவையும் ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்திச் சொன்னதும் இந்தத் தீர்ப்புதான். ஈ.வி.எஸ். பேப்பரில் நாம எழுதுற கேஸ், இந்த ஊர்க்காரங்களோட கிணறு!

அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட், பாலாறு வழக்கில் மறுபடி இழப்பீடு, கண்காணிப்புக் கமிட்டி என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷத்துக்கும் மேலே ஓடியாச்சு. தோல் ஷாப்பை மூடுன்னு சொல்றது நமக்கு ஈஸி. அந்த அக்காவோட தையல் மெஷினும் சேர்ந்து நிக்கும். இப்படியே விட்டா, அவங்க வீட்டுக் குடமும் காலி.

இப்போ இன்னொரு சிக்கல். கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்தால் கடைசியில் உப்பு மிஞ்சும். கலப்படமான உப்பு. சமையலுக்கு ஆகாது, மண்ணில் கொட்டவும் கூடாது. கூரை போட்டுக் குவித்து வைக்கிறார்கள். கெமிக்கல், சிவில் மக்களே... ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைன்னு கேன்டீன்ல உட்கார்ந்திருக்கீங்களா? ஆம்பூருக்கு ஒரு டிக்கெட் போடுங்க!