வளிமண்டல இயற்பியல்: பட்டப்படிப்புக்குப் பின் இன்னொரு வழி

இயற்பியலில் பட்டம் பெறும் பிள்ளைகளிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து ஆசிரியர் வேலைதானே?" என்பது. ஆசிரியர் பணி நல்ல பணிதான். ஆனால் அது ஒன்று மட்டுமே வழியல்ல. காற்று, மேகம், மழை, புகைமூட்டம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளைக் கொண்டு ஆராயும் வளிமண்டல இயற்பியலில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாய்ப்பு நம் நாட்டிலேயே உண்டு. அது எப்படிப்பட்ட படிப்பு, முடித்தால் என்ன வேலை என்பதைப் பெற்றோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மழையின் கணக்கு

தோட்டத்து மக்களுக்கு மழைக் கணக்கு புதிதல்ல. விடியலில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று பால்வெட்டு இல்லை. அதனால்தான் தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் மழையளவைக் குறித்து வந்தார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று மழைமானி சொல்லும். ஏன் பெய்தது, நாளை பெய்யுமா என்று கேட்பது வளிமண்டல இயற்பியல்.

பிற்பகல் இடிமழையை எடுத்துக்கொள்வோம். காலை வெயிலில் தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழுகிறது. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. குளிரும்போது அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாக மாறி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் உயரத் தள்ளுவதால் மேகம் கோபுரம்போல் வளர்கிறது. இந்த மேகங்கள் சில கிலோமீட்டர் அகலமே கொண்டவை. ஓரிரு மணி நேரத்தில் தோன்றி மறைபவை. உலகம் முழுவதற்குமான வானிலைக் கணினி மாதிரிகள் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டமே பல கிலோமீட்டர் இருப்பதால் இத்தகைய மேகங்கள் அதில் நேரடியாகச் சிக்குவதில்லை. பக்கத்துத் தாமானில் வெள்ளமாக மழை, நம் வீட்டில் ஒரு துளியும் இல்லை என்ற நிலையை முன்கூட்டிச் சொல்வது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஏன் இங்கே படிக்க வேண்டும்?

பூமத்தியரேகையை ஒட்டிய வானம் குளிர்நாட்டு வானத்தைப்போல் நடந்துகொள்வதில்லை. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி 'வாமெய்' புயல் ஜொகூரில் கரையைக் கடந்தது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை பூமத்தியரேகை அருகே மிகக் குறைவு என்பதால், அங்கே புயல் உருவாகாது என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. வாமெய் உருவானதோ வடக்கே ஏறக்குறைய 1.5 பாகையில். வடகிழக்குப் பருவக்காற்றின் வேகமும் போர்னியோ அருகே உருவாகும் காற்றுச் சுழலும் சேர்ந்தே அதை உருவாக்கின என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர்.

2021 டிசம்பரில் ஒரு நாளுக்கும் மேலாக விடாமல் கொட்டிய மழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. காரையும் தளவாடங்களையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். இத்தகைய மழையைச் சில மணி நேரம் முன்னதாகத் துல்லியமாகச் சொல்ல முடிந்தாலே முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்குக் கொண்டு சேர்த்துவிடலாம். இந்தத் துறை ஆய்வின் பயன் அதுதான்.

ஆய்வுக்கான களங்களும் அருகிலேயே உள்ளன. கிளந்தான் பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் தென்சீனக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 2014-இன் தொடக்கத்தில் அங்கே எடுத்த காற்று மாதிரிகள், ஓசோன் படலத்தைப் பாதிக்கக்கூடிய குளோரின் சேர்மங்கள் பருவக்காற்றோடு கிழக்காசியாவிலிருந்து வருவதைக் காட்டின. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கருவி, சூரிய ஒளியை அளந்து காற்றிலுள்ள தூசு, புகையின் அளவைக் கணிக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வாளர் பேராசிரியர் ஃபிரடோலின் தங்காங் 2008 முதல் 2015 வரை ஐ.நா. காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் முதல் பணிக்குழுவில் துணைத்தலைவராக இருந்தார்.

படிப்பு எப்படி நடக்கும்?

பெரும்பாலும் 'வளிமண்டல இயற்பியல்' என்ற பெயரில் தனித்துறை இருக்காது. இயற்பியல், புவி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், கடல் ஆய்வுக் கழகம் என்று வெவ்வேறு இடங்களில் இருக்கும். ஆகவே துறையின் பெயரைவிட, அந்த ஆய்வைச் செய்யும் பேராசிரியரைத் தேடுவதே முக்கியம். இயற்பியல் மட்டுமின்றிக் கணிதம், பொறியியல், வேதியியல் படித்தவர்களும் சேரலாம்.

ஆய்வுவழி முதுகலைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். வகுப்பறை நேரம் குறைவு. கணினி முன்னால் உட்காரும் நேரம் அதிகம். நிரல் எழுதத் தெரியாமல் இத்துறையில் நகர முடியாது. ஆறுதலான விஷயம், 1940 முதலான உலக வானிலைத் தரவுகளும், மழையைக் கணிக்கும் கணினி மாதிரிகளும் இணையத்தில் இலவசம். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே பைத்தான் மொழியைக் கற்றுக்கொண்டு பழகத் தொடங்கலாம்.

பணமும் வேலையும்

இதை மறைக்காமல் பேசியாக வேண்டும். உடன் படித்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கும் காலத்தில் ஆய்வு மாணவர் உதவித்தொகையில்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும். பேராசிரியரிடம் ஆய்வு மானியம் இருந்தால், ஆய்வு உதவியாளராக மாதந்தோறும் ஒரு தொகை பெறலாம். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிச் சேர்வது குடும்பத்துக்குச் சுமையாகிவிடும்.

வேலையைப் பொறுத்தவரை, மலேசிய வானிலை ஆய்வுத் துறையில் அதிகாரியாக விண்ணப்பிக்கப் பொருத்தமான இளங்கலைப் பட்டமே போதும். விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ ஆக விரும்புவோருக்கு முனைவர் பட்டம் தேவைப்படும். தொழிற்சாலைப் புகை எத்திசையில் பரவும் என்று கணக்கிடும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், சூரிய மின்சக்தி, காப்புறுதி ஆகிய துறைகளிலும் இத்திறனுக்கு இடமுண்டு. சிங்கப்பூரில் 2013-இல் தொடங்கப்பட்ட காலநிலை ஆய்வு மையம் இந்த வட்டார வானிலையையே ஆராய்கிறது. பெரிய தரவுகளைக் கையாளும் பயிற்சி கிடைப்பதால், துறை மாறினாலும் படிப்பு வீண்போகாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். மானியம் உள்ளதா, எத்தனை மாதத்துக்கு? தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் திரட்ட வேண்டுமா? அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்? இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பழைய மாணவர் ஒருவரிடம் நேரில் பேசிப் பார்ப்பது இன்னும் நல்லது.

எஸ்.பி.எம். எழுதவிருக்கும் பிள்ளைகள் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கடினம் என்று கைவிடாமல் இருந்தால், இந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும். அவற்றை நான்காம் படிவத்திலேயே விட்டுவிட்டால் பிறகு திரும்பி வருவது எளிதல்ல.