கம்பியில்லா இணையம்

நாகர்கோவில் நகரின் வடபால் அமைந்தது வடசேரி. கனகமூலம் சந்தையாலும் கோயில் நகை செய்யும் கைவினைஞர்களாலும் பெயர்பெற்ற பகுதி அது. சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்த நெற்றிச்சுட்டிகளும் ராக்கொடிகளும் இங்கிருந்து பரதநாட்டிய மேடைகளை நாடிச் செல்கின்றன. அத்தகைய நகைப் பட்டறையோடு கூடிய வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். முன்கட்டில் தொழில் நடைபெறுகின்றது. பின்கட்டில் குடும்பம் வாழ்கின்றது. நகையின் படத்தைச் சென்னையிலிருந்து ஒருவர் கேட்கின்றார். மேல்தட்டில் மகள் இணையவழிப் பாடம் பயில்கின்றாள். அடுக்களையில் தாயார் வெளிநாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்து உரையாடுகின்றார். இத்தனையும் ஒரு சிறு பெட்டியை நம்பி நிற்கின்றன. ரூட்டர் என்பது அதன் பெயர். வீட்டு வாயில்வரை கண்ணாடியிழை வழியே வரும் செய்தியை வானலையாக்கி அறைதோறும் பரப்புவதும், அறைகளிலிருந்து வரும் அலைகளை வாங்கி வெளியே அனுப்புவதும் அதன் தொழில்.

இப்பெட்டியை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே மயங்குகின்றனர். நான்கு கொம்புடையது இரண்டு கொம்புடையதினும் மேலானது என்பது கடைவீதி நம்பிக்கை. வீட்டுக்குப் பெற்ற இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் அளவினதாயின், 1200 என எழுதிய பெட்டியை வைத்தாலும் வெளியிலிருந்து வருவது அந்த 50 மட்டுமே. மடையை அகலமாகக் கட்டினால் குளத்தில் நீர் பெருகிவிடுமோ? அன்றியும், அவ்வெண் பெட்டியின் அலைவரிசைகள் அனைத்தின் வேகத்தையும் கூட்டிச் சொன்னது. தனியொரு கைப்பேசிக்கு அது முழுதும் கிடைப்பதில்லை.

ஆதலின், முதலில் அளக்கவேண்டியது பெட்டியை அன்று, வீட்டை. 1895ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் அப்பாலுள்ள மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அலை சுவரைக் கடக்கும் என்பது உண்மையே. ஆயினும், கடக்கும்தோறும் தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கின்றது. வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளைக் கையாளுகின்றன. முன்னதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பின்னதற்கு அதிற் பாதியளவே. நீண்ட அலை தடைகளைத் தாண்டித் தொலைவு செல்லும். குறுகிய அலை மிகுந்த செய்தியைச் சுமக்கும், ஆனால் தடித்த சுவரில் விரைந்து தளர்ந்துவிடும். எனவே இரண்டும் உள்ள பெட்டியே கொள்ளத்தக்கது.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் சுவர்கள் தடிப்பானவை. படிப்புரையில் வைத்த பெட்டி அடுக்களைக்கு எட்டாமற் போவதில் வியப்பில்லை. பலர் அதனை இரும்பு அலமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டு, இணைப்பு தருவோரைக் குறை கூறுகின்றனர்! உலோகம் அலையைத் தடுத்துத் திருப்பும். நீர்த்தொட்டியும் அலையை உறிஞ்சும். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முறை. அதன் பின்னும் எட்டாத பகுதி இருப்பின், கம்பிவழி இணைத்த இரண்டாவது பெட்டியொன்றை அங்கு அமைக்கலாம். விலை குறைந்த ரிப்பீட்டர்களுட் பல, ஒரே அலைவரிசையில் வாங்கியும் கொடுத்தும் நிற்பதால், வேகத்தைப் பாதியாக்கிவிடுகின்றன.

ஒட்டிக் கட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் வேறோர் இடரும் உண்டு. சந்தையில் பலர் ஒருங்கே விலை கூவும்போது ஒருவர் சொல்லும் தெளிவாய்க் கேட்பதில்லை யன்றோ? 2.4 வரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்களாகப் பயன்படுவன 1, 6, 11 என்னும் மூன்றே. அண்டை வீட்டுப் பெட்டி 1இல் பேசினால், நம் பெட்டியை 6இலோ 11இலோ நிறுத்துதல் நலம்.

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு, அதனை அறிவிக்கும் மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களை அடைந்தது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிய காவல்துறையினர், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். அவருடைய கம்பியில்லா இணைப்பு பூட்டப்படாமல் இருந்தது. யாரோ அதன்வழி அஞ்சலை அனுப்பியிருந்தனர். குற்றமற்ற அவர் விசாரணைக்கு ஆளானார். அலை சுவரைக் கடக்கும் எனில், தெருவில் நிற்பவனையும் அது அடையும் என்பதை அவ்வீட்டார் அறிந்திலர் போலும்.

அலைக்கும் பூட்டுகள் உண்டு. வெப் என்னும் முதற் பூட்டின் குறைபாடுகள் 2001இலேயே வெளிப்பட்டன. டபிள்யூ.பி.ஏ.2 என்பது 2004இலும், அதனினும் உறுதியான டபிள்யூ.பி.ஏ.3 என்பது 2018இலும் வந்தன. வாங்கும்போது இப்பூட்டு உள்ளதா என்று கேட்டறிவது, கொம்புகளை எண்ணுவதினும் பயனுடையது. அப்பெட்டிக்கு நிறுவனத்தார் எத்தனை ஆண்டு திருத்த மென்பொருள் வழங்குவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.

பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீய நிரல், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக்கொண்டே எண்ணற்ற ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கைப்பற்றிப் பெருந்தளங்களை முடக்கியது. பட்டறைக்கு வருவோர்க்கு விருந்தினர் இணைப்பைத் தனியே கொடுக்கலாம். படிப்புரையில் அமர்பவர்க்கு அறைப்புரைத் திறவுகோலை எவரும் தருவதில்லை. பெட்டி பழுதுற்றுப் பழம்பொருட் கடைக்குப் போகும்போது, அதன் சிறு துளையில் ஊசி நுனியால் சில நொடி அழுத்தி, உள்ளே பதிந்த கடவுச்சொல்லை அழித்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.