பன்னிரண்டே முக்கால் பாகை

துபாய்க்குப் போன முதல் கோடையில், அறையில் எனக்கு மூத்தவராக இருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "மே மாசம் பொறந்ததும் ஹீட்டர் சுவிட்சை அணைச்சிடு தம்பி. குளிக்கறதுக்குச் சிவப்புக் குழாயைத் தொற. நீலத்தைத் தொறந்தா கை வெந்துடும்." விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜூலையில் ஒரு நாள் மறதியாக நீலக் குழாயைத் திருகிய பிறகுதான் நம்பினேன்.

காரணம் எளிது. அந்த ஊர்த் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுப்பது. வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடித் தொட்டியில் ஏறி, நாளெல்லாம் வெயிலில் கிடக்கிறது. நீலக் குழாய் அதை அப்படியே கையில் ஊற்றும். ஹீட்டரோ ஏசி ஓடும் வீட்டுக்குள், குளியலறைக் கூரையை ஒட்டித் தொங்குகிறது. அதன் உறை வெப்பத்தை அடைத்து நிறுத்திவிடுவதில்லை, போக்கை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். சுவிட்சை அணைத்துவிட்டால், உள்ளே போன கொதிநீர் இரவெல்லாம் நின்று அறையின் குளிர்ச்சிக்கு இறங்கிவிடும். காலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைக்கும். இரண்டாவது ஆள் பிந்தி எழுந்தால் அவருக்கு மறுபடியும் வெந்நீர்தான்.

அன்று எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கிணறு. ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி இருக்கிறது. சித்திரையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மார்கழி விடியலில் அதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே ஆவிகூடத் தெரியும். கிணறு பருவத்துக்கேற்ப மாறுகிறது என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். மாறுவது கிணறு அல்ல. ஆழத்து மண் ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பத்தை வைத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீரும் பெரிதாக ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. மாறுவது வெளிக்காற்று. நம் தோல் வெப்பமானியைப் போல அளப்பதில்லை. இப்போது தொட்டதை, சற்று முன்பு பட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

வெளிநாட்டு வாழ்க்கையின் விசித்திரங்கள் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வியந்த பலவும் இந்த ஒப்பீட்டிலிருந்து வந்தவை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் பாகையில் இருக்கும் ஓர் ஊரின் வெயிலும் இருட்டும் காற்றும் நிலாவும் எங்கள் உடம்பில் அளவுகோலாகப் பதிந்திருக்கின்றன. அதைத் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம்.

வளைகுடாக் கோடையில் கண்ணாடி போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஏசி அறையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தால் ஒரு நொடியில் கண்ணாடி வெள்ளையாகிப் பார்வை போய்விடும். ஒடுகத்தூர்க் கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டிலுக்கு வேர்ப்பதும் இதுவும் ஒன்றே. காற்றில் இருக்கும் நீராவி, தனக்கான பனிநிலையைவிடக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் துளியாகிவிடும். நம் ஊரில் அதற்கு ஐஸ் வேண்டும். அங்கே 22 பாகைக்குக் குளிர்ந்த மூக்குக்கண்ணாடியே போதும், அவ்வளவு நீராவி அந்தக் காற்றில் இருக்கிறது. பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். அதனால் கோடையில் மேல்நீர் 35 பாகையையும் தாண்டிச் சூடேறுகிறது. ஊரைச் சுற்றி ஓர் அண்டாவை அடுப்பில் வைத்ததுபோல் அது ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறது. 2003 ஜூலை 8 அன்று சவூதியின் தஹ்ரானில் பனிநிலை 35 பாகை செல்சியஸ் என்று பதிவானது. அன்று காற்றின் வெப்பம் 42.

வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு 42 என்ற எண் பயம் தராது. கத்திரி வெயிலில் பார்த்ததுதானே என்று நினைப்பான். அந்த நினைப்புதான் ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முதல் முறை சைட் வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஏஜெண்டுகள் யாரும் இதைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மண்பானை இருந்தது. மே மாத உலர்காற்றில் பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைக் கொண்டுபோகும். காற்று எத்தனைக்கு எத்தனை உலர்ந்திருக்கிறதோ அத்தனைக்குத் தண்ணீர் குளிரும். மனித உடம்பும் அந்தப் பானைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் காய்ந்தால் அது எடுத்துப் போகும் வெப்பம் ஏறக்குறைய 580 கிலோ கலோரி. ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அவ்வளவு போதும். ஆனால் வியர்வை காய்ந்தால்தான் இந்தக் கணக்கு. சொட்டி விழும் வியர்வை உப்பையும் நீரையும் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு, சூட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறது.

அதே மண்பானையை ஆகஸ்டு மாதம் துபாய் மாடியில் வைத்தால் அது குளிர்வது தெரியவே தெரியாது. தஹ்ரானில் 2003-இல் இருந்ததுபோல் பனிநிலை தோலின் வெப்பத்தைத் தொட்டுவிட்டால், ஆவியாதல் ஏறக்குறைய நின்றுபோகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான மனிதனாலும் பல மணி நேரம் தாங்க முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். வேலை செய்யும் உடம்பு தானே சூட்டை உண்டாக்குவதால், அதைவிடக் குறைந்த அளவிலேயே தளர்ந்துவிடும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையிலும், சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரையிலும் வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-இலிருந்தே, காலை 10 முதல் 3.30 வரை. நல்ல சட்டங்கள். ஆனால் ஈரக்காற்றில் ராத்திரியும் வேர்வை காயாது, சட்டமோ கடிகாரத்தைத்தான் பார்க்கிறது.

கடிகாரம் என்றதும் சிங்கப்பூர் நினைவுக்கு வருகிறது. நிலநடுக்கோட்டின் அருகிலேயே இருக்கும் ஊர், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். ஆனால் அங்கே வேலைக்குப் போன நம்மவர்கள் முதல் வாரத்தில் குழம்பிப்போவார்கள். காலை ஆறரை மணிக்குக் கும்மிருட்டு. பள்ளிப் பிள்ளைகள் தெருவிளக்கில் பேருந்து ஏறுகிறார்கள். சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், உச்சிக்கு வரும்போது மணி ஒன்று. சூரியனிடம் கேட்டால் சிங்கப்பூருக்குக் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். 1933-இல் இருபது நிமிடம் சேர்த்தார்கள். ஜப்பானியர் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை டோக்கியோ நேரம் ஓடியது. போருக்குப் பின் ஏழரை மணி. 1982-இன் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கிழக்கு மாநிலங்களோடு ஒன்றுபடக் கடிகாரத்தை எட்டு மணிக்கு நகர்த்தியபோது, சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. வானம் அசையவில்லை, முள்தான் நகர்ந்தது.

நாளும் மாதமும் ஆண்டும் வானத்திலிருந்து வந்தவை. வாரம் மட்டும் மனிதர் வகுத்தது, அதனால் அது நாட்டுக்கு நாடு வேறு மாதிரி நடக்கிறது. நான் துபாய் போன காலத்தில் எங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஒடுகத்தூரில் வெள்ளி ஆட்டுச்சந்தை. காலையில் போன் போட்டால் அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஆடுகள் கத்தும், "இன்னா கண்ணு, சாப்டியா?" என்ற கேள்வி பாதிதான் கேட்கும். 2022 ஜனவரியில் அமீரகம் சனி ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரைநாள் ஆக்கியது.

வேலூரில் நர்சிங் படித்து லண்டன் போன எங்கள் பக்கத்துப் பெண்களின் விசித்திரங்கள் வேறு. அவர்களுக்கு முதல் பிரச்சினை இட்லி மாவு. இரவு அரைத்து வைத்த மாவு மறுநாள் மாலை வரை அசையாமல் கிடக்கும். உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வரும் லூகோனோஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள்தாம் மாவைப் பொங்க வைப்பவை. ஒடுகத்தூர் அடுக்களையின் இரவுச் சூட்டில் அவை எட்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். லண்டன் குளிரில் அவை சாவதில்லை, சோம்பிக் கிடக்கின்றன. அதனால் அங்கே ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைக்கிறார்கள். அந்தச் சின்ன விளக்கின் சூடு அடுப்புப் பெட்டிக்குள் நம் ஊர் இரவு ஒன்றை உண்டாக்கிவிடுகிறது.

மாவுக்கு விளக்குப் போட்டவர்கள் தங்கள் உடம்புக்கு அப்படிப் போட முடியவில்லை. ஒடுகத்தூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த அரைமணிக்குள் இருட்டு கவிந்துவிடும். அங்கே அது சாய்வாகச் சறுக்கி இறங்குவதால், ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். மூளையின் அடியில் இருக்கும் சிறு நரம்புக் கொத்து ஒன்று கண்ணில் விழும் ஒளியைப் பார்த்துத்தான் தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் மூலக்கூறு நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் இருக்கும்வரை பிள்ளைகள் தூங்க மறுப்பது அடம் அல்ல.

டிசம்பரில் இன்னொரு சிக்கல். நண்பகலிலும் சூரியன் 15 பாகையை அதிகம் தாண்டாததால், வைட்டமின் டி செய்யத் தேவையான புறஊதாக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிந்துபோகிறது. உச்சி வெயிலைத் தாங்குவதற்கென்றே நிறமேறிய நம் தோலுக்கு அந்த மிச்சம் போதாது. அதனால்தான் அங்குள்ள மருத்துவத் துறை கருந்தோல் உள்ளவர்களை ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. தோல் குறையுள்ளது என்று அதற்குப் பொருளில்லை. அது வேறு வானத்துக்காகத் தைத்த சட்டை.

சிட்னி போனவர்களுக்கு வானமே தலைகீழ். நாம் வடை சுடும் பாட்டியைத் தேடும் நிலா அங்கே கவிழ்ந்து நிற்கிறது. உண்மையில் கவிழ்ந்து நிற்பது பார்ப்பவர்தான். பூமியின் கீழ்ப்பாதியில் நின்று, வடக்குப் பார்த்து நிலாவைப் பார்க்கிறார். சூரியனும் வடக்கு வழியாகவே போவதால், வெயில் வரும் வீடு என்றால் வடக்குப் பார்த்த வீடு. அங்கே கத்திரி மாதத்தில் இலையுதிர்கிறது. பொங்கல் நடுக்கோடையில் வருகிறது. சூரியன் வடக்கே திரும்பி வருகிறான் என்று நாம் பானை வைக்கும் அதே நாட்களில், அவர்களை விட்டு அவன் விலகத் தொடங்கியிருக்கிறான்.

இத்தனை ஊர்களையும் கேட்டறிந்த பிறகுதான், எங்கள் மலையின் மேல் இருக்கும் காவலூர் வானாய்வகம் எனக்குப் புரிந்தது. சிறுவயதில் அது வெள்ளைக் குமிழ் வைத்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். வைணு பாப்பு என்ற வானியலாளர் 1960-களில் தொலைநோக்கிக்கு இடம் தேடினார். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த 1949-இலேயே ஒரு வால்மீனைக் கண்டவர். தெளிந்த இரவும் விளக்கில்லாத இருட்டும் மட்டும் அவருக்குப் போதவில்லை, வடவானத்தையும் தென்வானத்தையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய தாழ்ந்த பாகை வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையில் அது கிடைத்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறந்துவிட்டார்.

மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு, மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால், வடக்கே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து பன்னிரண்டே முக்கால் பாகை உயரத்தில் இருக்கும். தெற்கே திரும்பினால் தென்சிலுவையின் அடிவிண்மீன் ஏறக்குறைய அதே உயரத்தில், பதினான்கு பாகையில். லண்டன்காரர் இரண்டாவதைக் காணவே முடியாது, சிட்னிக்காரர் முதலாவதை. எங்கள் ஊரார் இரண்டையும் பார்த்துக்கொண்டு, அது பெரிய விஷயம் என்று தெரியாமலே ஆட்டுக்குக் காவல் படுத்திருக்கிறார்கள்.

ஒரு முறை ஏப்ரலில் லீவுக்கு வந்திருந்தேன். 24-ஆம் தேதியை ஒட்டிய நாள், மணி பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன்பு. கிணற்றடியில் நட்டிருந்த மூங்கில் கழியின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கழிக்குள்ளேயே போய்விட்டது. என் நிழலும் காலடிக்கு வெளியே இல்லை. சூரியன் நேர் உச்சியில். துபாயில் இருந்த ஆண்டுகளில் ஒரு நாளும் இது நடந்ததில்லை, நடக்கவும் நடக்காது. அந்த ஊர் கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

எங்கள் தலையைக் கடந்த சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே போய், மே 28-ஐ ஒட்டி மக்காவின் உச்சிக்கு வருகிறது. அங்கே அப்போது 12.18, இங்கே பிற்பகல் 2.48. அந்த நிமிடம் ஒடுகத்தூரில் ஒரு கழியை நட்டு, நிழலுக்கு நேர் எதிரே கோடு இழுத்தால் அது மக்காவை நோக்கிப் போகும். தொழுகைத் திசையைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் முறை இது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பிள்ளைகளைச் சவூதிக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. அந்தக் கோட்டின் மறுமுனைப் பக்கத்தில் எங்கோ ஒரு சாரத்தின் மேல் அந்தப் பையன்கள் நிற்கிறார்கள். நண்பகல், நிழலே இல்லை. வேலைத்தடை தொடங்க இன்னும் 18 நாள் இருக்கிறது.